வறண்ட நிலத்தில் எதை நடுவது? வன்னி, இலந்தை, பேரீச்சை, டிராகன் பழம், சப்பாத்திக்கள்ளி: ஓர் ஒப்பீடு

"கமுதிப் பக்கம் மூன்று ஏக்கர் சும்மா கிடக்கிறது. தண்ணீர் கிடையாது. பாலைவனத்தில் வளர்கிற மரம் ஏதாவது வைக்கலாமா?"

மாதம் ஒருவராவது இப்படிக் கேட்கிறார். ஊர்ப் பெயர் மாறும். சாயல்குடி, விளாத்திகுளம், சாத்தான்குளம் என்று வரும். கேட்பவர்களில் பாதிப் பேர் வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள், மாதம் ஒரு முறைதான் நிலத்துக்குப் போக முடிகிறவர்கள். நாற்றுப் பண்ணையில் விசாரித்தால் எல்லாக் கன்றுக்கும் ஒரே பதில் கிடைக்கும்: "வறட்சியைத் தாங்கும் சார்."

அது பொய் இல்லை. ஆனால் எப்படித் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. பாலைவனத்தில் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சமாளிக்கும் வழி ஒன்றல்ல. ஒட்டகம் நாள்கணக்கில் தாகத்தைப் பொறுத்துக்கொண்டு, தண்ணீரைக் கண்டதும் ஒரே மூச்சில் நூறு லிட்டர்வரை குடித்துவிடும். வெள்ளெலி பகல் முழுக்க வளைக்குள் கிடந்து இரவில் மட்டும் வெளியே வரும். இரண்டும் பாலையில் பிழைக்கின்றன, ஆனால் ஒன்றின் வழி மற்றதற்கு உதவாது. செடிகளும் அப்படித்தான். சில ஆழத்துக்கு வேர்விட்டு நீரைத் தேடும். சில கோடையில் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கும். சில உடம்பிலேயே நீரைச் சேமிக்கும். சில, ஊற்று இருக்கும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு வெயிலை மட்டும் தாங்கும். நீங்கள் வாங்கும் கன்று இவற்றில் எந்த ரகம் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் செலவு, உழைப்பு, வருமானம் எல்லாமே அமையும்.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நம் நிலம் பாலைவனம் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தார் பாலைவனத்து ஜெய்சல்மேரில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. ராமநாதபுரத்தில் 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. நான்கு மடங்குக்கு மேல்! ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆகவே நாம் நடும் செடி எட்டு மாதம் பாலையையும் இரண்டு மாதம் வெள்ளத்தையும் சேர்த்துத் தாங்கியாக வேண்டும். பாலைத் தாவரங்களை நட்டுத் தோற்றவர்களிடம் பேசிப் பாருங்கள். சித்திரையில் காய்ந்து போனதைவிடக் கார்த்திகையில் அழுகிப் போன கதைதான் அதிகம் வரும்.

அதனால் நான் கேட்கும் கேள்விகள் இவை. செடிக்கு நீர் எங்கிருந்து வருகிறது: ஆழத்திலிருந்தா, மேல்மண்ணிலிருந்தா, உங்கள் போர்வெல்லிலிருந்தா? வேரடியில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் என்ன ஆகும்? உப்புத் தண்ணீரைத் தாங்குமா? முதல் வருமானத்துக்கு எத்தனை ஆண்டு? நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் அது தன்னைப் பார்த்துக்கொள்ளுமா?

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று உண்டு. பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. வறட்சியில் ஒரு செடி உயிரைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் கைவிடுவது பூவையும் பிஞ்சையும்தான்.

வன்னி: ஆழம் தேடும் மரம்

ஒருமுறை பட்டுப்போன ஒரு வன்னிக் கன்றைத் தோண்டி எடுத்தேன். தரைக்கு மேலே ஒரு சாண் உயரம்கூட இல்லை. வேரைப் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு முழத்துக்கு மேல் வந்து அறுந்தது, நுனி மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. வன்னியின் குணம் முழுக்க அதில் இருக்கிறது. முதல் சில ஆண்டுகள் சம்பாத்தியத்தையெல்லாம் வேரில் போடும். மேலே பார்ப்பவருக்கு "இது வளரவே இல்லையே" என்று தோன்றும்.

வளர்ந்த மரத்தின் ஆணிவேர் பல பத்து அடி கீழே இறங்கும். அதனால்தான் மற்ற மரங்கள் வாடும் கோடையில் வன்னி புதுத் துளிர் விடுகிறது. சின்னஞ்சிறு சிற்றிலைகள், ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி அளவுதான். இலை சிறியதாக இருந்தால் வெயிலில் அதிகம் சூடேறாது, காற்றுப் பட்டதும் சூட்டை விட்டுவிடும். வேரில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. மேல்மண் ஈரத்துக்கு அது அதிகம் போட்டி போடாததால் மேற்கு ராஜஸ்தானின் மார்வார்ப் பகுதி உழவர்கள் வன்னி மரத்தை நடுவில் விட்டுக் கம்பு விதைக்கிறார்கள். மரத்தடியில் பயிர் செழிப்பாகவே இருக்கும். ராஜஸ்தானின் மாநில மரம் இதுதான். 1730இல் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து அம்ரிதா தேவியும் பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். பஞ்சத்தில் ஆட்டுக்குத் தழையும் மனிதருக்குக் காயும் தரும் மரத்துக்கு அவர்கள் வைத்த மதிப்பு அது.

சரி, மறைசெலவு என்ன? காலம்தான். விதைக்கன்று வைத்தால் பயன் பார்க்கப் பத்தாண்டு ஆகலாம். பிகானேரிலுள்ள மத்திய வறண்டநிலத் தோட்டக்கலை நிறுவனம் வெளியிட்ட 'தார் ஷோபா' ஒட்டுக்கன்று முன்னதாகக் காய்க்கும், முள்ளும் குறைவு. ஆனால் அங்கே கேர்-சாங்ரி என்ற கறிக்காக விலை கொடுத்து வாங்கும் அந்தக் காய்க்கு நம் ஊரில் சந்தை இல்லை. நமக்குக் கிடைப்பது தழை, நிழல், மண்வளம், விறகு. இன்னொரு சங்கடமும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் வன்னி சீமைக்கருவேலம் போலவே தெரியும். முள் எடுக்க இயந்திரம் கொண்டுவருபவர் இரண்டையும் சேர்த்தே பிடுங்கிவிடுவார். சீமைக்கருவேலத்தில் முள் இலைக்கணுவில் ஜோடியாக இருக்கும். வன்னியில் கணுக்களுக்கு இடையே கொம்பெல்லாம் சிதறிக் குட்டையாக இருக்கும். வேலை தொடங்கும் முன் வன்னிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

ஆடு மாடு வைத்திருப்பவருக்கும், மானாவாரிப் பயிரை விடாமல் மரமும் வேண்டும் என்பவருக்கும் இதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியவில்லை. ஐந்தாண்டில் பணம் வேண்டும் என்றால் இது உங்களுக்கு இல்லை.

இலந்தை: தூங்கத் தெரிந்த மரம்

பங்குனி கடைசியில் இலந்தைத் தோட்டத்தைப் பார்ப்பவர்கள் மரமெல்லாம் பட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். இலை பழுத்து உதிர்ந்து, வெறும் முள்ளும் கொம்புமாக நிற்கும். பதறிப்போய்த் தண்ணீர் விட வேண்டாம். இலை இல்லையென்றால் நீர் வெளியேறும் வாசலே இல்லை. கோடையின் கடுமையான வாரங்களை அது தூங்கியே கடத்துகிறது. மீதமுள்ள மாதங்களில் ஆழமான ஆணிவேரும், இலையின் அடிப்பக்கத்து வெண்மையான பஞ்சு ரோமமும் காப்பாற்றுகின்றன. இலையைத் திருப்பி விரலால் தேய்த்துப் பாருங்கள், வெல்வெட் துணி போலிருக்கும். நீராவி வெளியேறும் துளைகளை அந்த ரோமம் காற்றிலிருந்து மறைக்கிறது.

எனக்கு இலந்தை மேல் தனிப் பிரியம் உண்டு. காரணம், அதன் காலக்கணக்கு நம் மழையோடு அப்படியே பொருந்துகிறது. ஆடி ஆவணியை ஒட்டிப் பூ. ஐப்பசி மழையில் பிஞ்சு பெருக்கும். மார்கழி, தையில் பழம். காய்க்கத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் வானமே தருகிறது. தண்ணீர் இல்லாத நேரத்தில் மரம் தூங்குகிறது. பிழைப்பதும் காய்ப்பதும் ஒன்றோடொன்று மோதாத மரம் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். ஓரளவு உப்பும் தாங்கும், சில நாள் தண்ணீர் நின்றாலும் தாங்கும். ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும்.

நடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாலித்தீன் பையில் ஓராண்டு கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டு போயிருக்கும். அதை அப்படியே நட்டால் வேர் ஆழத்துக்கு இறங்காது. ஆழமே அதன் பலம் என்னும்போது, பலத்தை அறுத்துவிட்டு நடுகிறோம். குழியிலேயே நாட்டு இலந்தை விதையைப் போட்டு, முளைத்து வளர்ந்த செடியில் அடுத்த மழைக்காலத்தையொட்டி நல்ல ரகத்தை மொட்டு ஒட்டுக் கட்டுவதே சரியான முறை. கூடுதலாக ஓராண்டு ஆகும். ஆனால் அந்த மரத்துக்குப் பின்னால் குடம் சுமக்க வேண்டாம்.

மறைசெலவுகள் உண்டு. கோடையில் இலை கொட்டியபின் ஒவ்வோர் ஆண்டும் கவாத்து செய்தாக வேண்டும், அதாவது பழைய கொம்புகளை வெட்டிவிட வேண்டும். பழம் புதுக் கொம்பில்தான் வரும். முள் மரத்தில் கவாத்துக்கு ஆள் கிடைப்பது சிரமம், கூலியும் கூடுதல். பழ ஈ வந்தால் பழத்துக்குள் புழு. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழிப்பதும், கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டுக் கூட்டுப்புழுக்களை வெயிலில் காயவிடுவதும் பெருமளவு உதவும். பெரிய ரகப் பழம் சில நாட்களுக்கு மேல் நிற்காது, அறுவடை மாதங்களில் தினமும் விற்க வழி வேண்டும். சிறிய நாட்டுப் பழம் இலந்தை வடைக்குப் போகும், ஆனால் விலை குறைவு.

பேரீச்சை: காலுக்குத் தண்ணீர், தலைக்கு நெருப்பு

படத்தில் மணல்மேடும் ஒட்டகமும் பேரீச்சையும் சேர்ந்தே இருக்கும். அதனால் அது தண்ணீர் கேட்காத மரம் என்று பலரும் நம்புகிறார்கள். மிகப் பெரிய தவறு இது. பேரீச்சைக்குக் கால் தண்ணீரிலும் தலை நெருப்பிலும் இருக்க வேண்டும் என்பது அரபு நாட்டுப் பழமொழி. பாலைவனத்தில் அது நிற்பது ஊற்றுக்கரையில். வெயிலைத் தாங்கும், அனல் காற்றைத் தாங்கும், உப்பைப் பழமரங்களிலேயே அதிகமாகத் தாங்கும். தாகத்தைத் தாங்காது என்றில்லை, மரம் சாகாது. ஆனால் காய்க்காது. காய்க்கும் வயது மரத்துக்குக் கோடையில் ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். ஏக்கருக்கு அறுபது, எழுபது மரம் என்றால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கன்று. கடையில் வாங்கிய பழத்தின் கொட்டையைப் போட்டால் முளைக்கும், ஆனால் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. சரிபாதி ஆணாகவே வரும், அதுவும் பூக்கும்வரை தெரியாது. அதனால் திசுவளர்ப்புப் பெண் கன்றுகளை வாங்க வேண்டும். ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆண் கன்று தனியாக. நம் ஊரில் மகரந்தம் தானாகப் போய்ச் சேருவதை நம்ப முடியாது. பாளை வெடிக்கும் நாட்களில் ஆண் பூச்சரத்தைக் கொண்டுபோய் ஒவ்வொரு பெண் பாளைக்குள்ளும் வைத்துக் கட்ட வேண்டும். சில நாள் தாமதித்தால் அந்தப் பாளையின் விளைச்சல் போய்விடும். மாதம் ஒரு முறை வருகிறவரால் இது ஆகாது. தென்னை இருக்கும் பகுதியானால் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் இங்கேயும் வரும். ஒரு கூன்வண்டுத் தாக்குதல் பத்தாண்டு மரத்தைச் சாய்த்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் நடுகிறார்கள் என்றால், கிணற்றில் தண்ணீர் இருந்து அது உப்பாக இருக்கிற நிலம் நம்மிடம் நிறைய இருக்கிறது. வேறு பழமரங்கள் பெரும்பாலும் அங்கே கருகும். பழம் முழுக்கக் கனியும்போது மழை பட்டால் அழுகிவிடும் என்பதால், மஞ்சளாகக் கறுக்குமொறுக்கென்று இருக்கும்போதே சாப்பிடும் பர்ஹி ரகம் நமக்குப் பொருத்தம். அறுவடை ஆனி, ஆடியில் முடிந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் மரம் காலியாகிவிடும். தர்மபுரிப் பக்கம் இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள். உப்பு நீர், கையில் முதலீடு, நிலத்திலேயே குடியிருக்கும் ஆள்: மூன்றும் இருந்தால் பேரீச்சை. ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

டிராகன் பழம்: கள்ளிதான், பாலைக் கள்ளி இல்லை

"கள்ளிச் செடி, தண்ணீரே வேண்டாம்" என்று சொல்லி விற்கிறார்கள். கள்ளி என்பது உண்மை. ஆனால் இதன் தாயகம் மத்திய அமெரிக்காவின் காடுகள். அங்கே மரத்தின் மீது பற்றிப் படர்ந்து, பாதி நிழலில், இலைமக்கு ஈரத்தில் வளரும் கொடி இது. மே மாத வெயில் நேராக அடித்தால் தண்டு மஞ்சளாகி, அப்புறம் வெந்தது போல் வெளுக்கும். நிழல்வலையோ நிழல் மரமோ தேவை. வேர் மேலாகவே ஓடும், ஆகவே கோடையில் சொட்டுநீர் வேண்டும். கார்த்திகையில் தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகும், ஆகவே மேட்டுப்பாத்தியும் வேண்டும். சிமென்ட் தூண், வளையம், கன்று, சொட்டுநீர் என்று ஏக்கருக்குச் சில லட்சம் முதல் நாளே இறங்கிவிடும்.

இதன் நல்ல பக்கம் வேகம். இரண்டாம் ஆண்டில் பழம் பார்க்கலாம். நகரச் சந்தை பக்கத்தில் இருப்பவர், நல்ல தண்ணீர் கொஞ்சமாவது இருப்பவர், செம்மண் நிலத்துக்காரர் யோசிக்கலாம். கரிசலில் வேண்டாம்.

முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி: சேமித்து வைப்பது

உண்மையான சேமிப்புக்காரர் இவர்தான். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை இழுக்கும், கூடவே நீரையும் இழக்கும். கள்ளி இரவில் திறக்கும். இரவில் வாங்கிய கரிவாயுவை அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கும். இதை வீட்டிலேயே உணரலாம். ரணகள்ளியும் இதே வழியில் வாழ்வதுதான். அதன் இலை அதிகாலையில் புளிக்கும், சாயங்காலம் புளிப்பு குறைந்திருக்கும். இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாயில் போட்டுப் பார்த்து இதை எழுதி வைத்தார்.

கள்ளிமடலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் இதைத் தீவனமாகவே வளர்க்கிறார்கள். ஆட்டுக்குத் தீனியும் தண்ணீரும் ஒன்றாகப் போகிறது. தனியாகக் கொடுத்தால் கழியும், வைக்கோலோ சோளத்தட்டையோ கலந்தே கொடுக்க வேண்டும். இரவு குளிரும் பாலையில்தான் இந்த இரவுச் சேமிப்பு நன்றாக நடக்கும். நம் கடலோர மாவட்டங்களில் வைகாசி இரவும் புழுங்குவதால் அங்கே கிடைக்கும் வளர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு காலத்தில் தென்னிந்தியாவை மூடியிருந்த முள் சப்பாத்தியை ஒழிக்க 1926இல் ஒரு மாவுப்பூச்சி இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அதே பூச்சிக்கு முள்ளில்லா ரகமும் பிடிக்கும். வெள்ளைப் பஞ்சு போல் மடலில் தெரிந்தால் அன்றைக்கே அந்த மடலை வெட்டி எரித்துவிட வேண்டும்.

ஆட்டுப்பட்டி உள்ளவர் வேலியோரம் அரை ஏக்கர் வைக்கலாம். முழு நிலத்துக்கும் இதை நான் சொல்ல மாட்டேன்.

ஒரே பார்வையில்

| | நீர் வழி | ஒரு வாரம் நீர் தேங்கினால் | உப்பு | முதல் பயன் | மறைசெலவு |
|---|---|---|---|---|---|
| வன்னி | ஆழவேர் | வளர்ந்த மரம் சில நாள் தாங்கும் | ஓரளவு தாங்கும் | பத்தாண்டு வரை | காத்திருப்பு, காய்க்குச் சந்தை இல்லை |
| இலந்தை | ஆழவேர், கோடைத் தூக்கம் | சில நாள் தாங்கும் | ஓரளவு தாங்கும் | 3ஆம் ஆண்டு | கவாத்துக் கூலி, பழ ஈ |
| பேரீச்சை | உங்கள் கிணறு | தாங்கும் | நன்றாகத் தாங்கும் | 4ஆம் ஆண்டை ஒட்டி | கன்று விலை, கைமகரந்தம், வண்டு |
| டிராகன் பழம் | சேமிப்பு + சொட்டுநீர் | அழுகும் | தாங்காது | 2ஆம் ஆண்டு | தூண், நிழல்வலை |
| சப்பாத்திக்கள்ளி | சேமிப்பு | அழுகும் | தாங்காது | 2ஆம் ஆண்டு, தீவனம் | மாவுப்பூச்சி |

பனையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பனை நம் மண்ணுக்கே உரியது, வரப்பு இருக்கிற எவரும் ஆவணி, புரட்டாசியில் கொட்டையை ஊன்ற வேண்டும். அதில் தேர்வே இல்லை. பலன் வரப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும், ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். அது வேலி வரிசை. இங்கே நாம் பேசுவது உள்நிலத்தைப் பற்றி.

கமுதிக்காரருக்கு நான் சொன்னது இது. இரண்டு ஏக்கரில் இலந்தை, குழியிலேயே விதை போட்டு. மூன்றாவது ஏக்கரில் இருபது முப்பது வன்னி, இடையில் புரட்டாசியில் குதிரைவாலி. அது தொண்ணூறு நாளில் முளைத்து முடிந்துவிடும். மழைவந்ததும் ஓடிவந்து, ஈரம் போகுமுன் விதை போட்டுவிட்டுப் போகும் பாலைச் செடிகளின் வழி அது. கன்றுக்குச் செலவழிக்கும் முன் ஒரு வேலை செய்யச் சொன்னேன். கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள், நிலத்தில் மூன்று இடங்களில் இரண்டடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலை போய்ப் பார்க்க வேண்டும். போன வாரம் படம் அனுப்பியிருந்தார். இரண்டு குழி வற்றிவிட்டது. கிழக்கு மூலையில் மட்டும் தண்ணீர் அப்படியே நிற்கிறது, அதில் தவளை முட்டை மிதக்கிறது. அந்த மூலையில் எதையும் நட வேண்டாம், பண்ணைக்குட்டை வெட்டுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.